லெ ஹாவ்ர் நகர மண்டபக் கோபுரத்தில் ஏற விடுவார்களா?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவுடன் பாரிஸ் போகிறேன். ஒரு நாள் செயின்ட் லசார் நிலையத்தில் ரயில் பிடித்து, லெ ஹாவ்ர் துறைமுக நகரத்துக்குப் போய்வர ஆசை.

1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகளில் அந்த ஊரின் நடுப்பகுதியே தரைமட்டமானது. பழைய நகர மண்டபமும் போயிற்று. மறுபடி கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் பெரேயிடம் வந்தது. கான்கிரீட்டைப் பூசி மறைக்காமல், கல்லைப்போல் கொத்தி அழகு பார்த்த மனிதர். புதிய மண்டபம் 1958இல் திறந்தபோது அவர் இல்லை, 1954இலேயே இறந்துவிட்டார். சாம்பல் நிறப் பெட்டி என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்தத் தூண்வரிசையைப் படத்தில் பார்த்ததிலிருந்தே மயக்கம்! 2005இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஊர் சேர்ந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுமார் 70 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சிக்கு வெளியாட்களை விடுகிறார்களா? வழிகாட்டியுடன்தான் போகவேண்டுமா? அம்மாவுக்கு முட்டிவலி, லிஃப்ட் கடைசிவரை போகுமா? அப்புறம், 1950களின் சாமான்களோடு காட்சிக்கு வைத்திருக்கும் பெரேயின் மாதிரி வீட்டுக்கு முன்பதிவு அவசியமா? போய்வந்தவர்கள் சொல்லுங்களேன். ஞாயிறா, வார நாளா என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கவேண்டும்.