மக்காச்சோளத்தில் பூசண நஞ்சு: சோதித்துப் பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தேன். அறுவடை நேரத்தில் ஐந்து நாள் விடாத மழை. களத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய கதிர்களை நேற்றுப் பிரித்தபோது, நுனியில் புழு துளைத்த இடங்களில் மஞ்சள் கலந்த பச்சையில் மாவு போலப் பூசணம். தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

அஃப்ளாடாக்சின் என்னும் பூசண நஞ்சு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கெட்ட கதிர்களைப் பொறுக்கித் தனியே போட்டுவிட்டேன். ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் மணியிலும் நஞ்சு இருக்கலாம். வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. மாடு தின்றால் பாலிலும் இறங்கும். வீட்டில் இரண்டு கறவை மாடுகள், அந்தப் பாலைக் குடிக்கும் பேத்தி. அதனால் ஒரு பிடிகூட இன்னும் தீவனத்தில் கலக்கவில்லை.

இந்த நஞ்சைக் களத்திலேயே பார்க்கும் சோதனைப் பட்டையை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? உணவுத் தானியத்துக்கு வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அந்த அளவை அது நம்பகமாகக் காட்டுகிறதா? புற ஊதா விளக்கில் தெரியும் பச்சை மஞ்சள் ஒளிர்வு சந்தேகத்தைத்தான் எழுப்பும், நஞ்சை உறுதிசெய்யாது என்று அறிவேன்.

முக்கியமாக, மாதிரி எடுப்பது எப்படி? நஞ்சு சில மணிகளில் மட்டும் குவிந்திருக்கும். ஐம்பது மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளினால் தப்பிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனம் சோதித்தவர்கள், எத்தனை கிலோ கொடுத்தீர்கள், முடிவு வர எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள். இன்று வெயில் அடிக்கிறது. ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைக்கப் போகிறேன்.