மால்டாவுக்கு ஐந்து நாள், போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

செப்டம்பர் கடைசியில் ஐந்து நாள் மால்டா போகிறோம், நான், மனைவி, முட்டி வலியோடு அம்மா. தலைநகர் வலேட்டாவில் அறை எடுக்கலாம் என்று பார்த்தால் படங்களில் பாதித் தெரு படிக்கட்டாகவே இருக்கிறது, அம்மா பார்த்ததுமே "நான் வரலைப்பா" என்றுவிட்டார். எதிர்க்கரையில் இருக்கும் ஸ்லீமாவில் தங்கி, படகில் வலேட்டா போய்வருவது அவருக்குச் சுலபமா? கார் எடுக்கவும் யோசனை, நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் அந்தச் சந்துகள்! பக்கத்துத் தீவு கோசோவுக்கு ஒரு நாள் போதுமா?

அப்புறம், ஹால் சஃப்லியேனி பாதாளக் கல்லறைக்குள் ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள், டிக்கெட்டை எவ்வளவு முன்னால் எடுத்தீர்கள்? ப்ளூ லகூன் என்ற கடல் குளியல் இடம் வேண்டாம், கூட்டத்தைப் படத்தில் பார்த்ததே போதும். முக்கியமான கேள்வி, அம்மா சுத்த சைவம், பட்டாணி வைத்த பஸ்தீட்ஸி (நம் பப்ஸ் போன்ற அந்த ஊர்ப் பலகாரம்) மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்களா, கடையில் கேட்டால் சொல்வார்களா?