பழைய மோட்டார் டாங்கிகளோடு பட்ட பாடு

கியர்ப்பெட்டி (ஹமாமாட்சு, ஜப்பான்):

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தையில் மூலை கிழிந்த அட்டைப்பெட்டியோடு ஒரு பொம்மை பாந்தர் டாங்கி கிடைத்தது, இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியின் பிளாஸ்டிக் ஒட்டு மாடல். தாமியா கம்பெனியுடையது, 1/35 அளவு, அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பாதி ஒட்டியிருந்தது, மீதி பெட்டிக்குள் குலுங்கியது. எந்தப் பையனோ பரீட்சை வந்ததும் அப்படியே போட்டுவிட்டு, பெரியவனாகியே போய்விட்டான் போல. விற்றவர் "ஓடும், ஓடும்" என்றார். வீட்டுக்கு வந்து பாட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே பச்சை.

இந்த மாடலுக்கு ஒரு கதை உண்டு. தாமியா 1946-இல் ஷிசுவோகாவில் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கி, மர மாடல்களுக்கு வந்த நிறுவனம். 1960-இல் முதல் பிளாஸ்டிக் மாடலாக யமாட்டோ போர்க்கப்பலை விட்டார்கள். அதே கப்பலைப் போட்டியாளர் குறைந்த விலைக்கு விற்க, சரியான அடி. அதற்கப்புறம் மோட்டார் வைத்து வந்ததுதான் பாந்தர். பெட்டிப் படம் கொமாட்சுசாகி ஷிகேரு வரைந்தது. படத்தைப் பார்த்தே பையன்கள் வாங்கினார்கள் என்று சொன்னால் நம்பலாம். இன்று உலகம் முழுக்க டாங்கி மாடலுக்கு 1/35 என்ற கணக்கு இருக்கிறதே, அது பெரிய ஆராய்ச்சியில் வந்ததல்ல. நடுத்தர டார்ச் பாட்டரிக் கட்டை இரண்டும் மோட்டாரும் உள்ளே உட்கார வேண்டும், அதற்கு வந்த அளவு.

சரி, பச்சைக்கு வருகிறேன். பாட்டரி கசிவுக்கு வினிகர் என்று எங்கோ படித்தது ஞாபகம் இருந்தது. ஊற்றினேன். பித்தளைத் தகடு இன்னும் அசிங்கமானதுதான் மிச்சம். வினிகர் ஆல்கலைன் கட்டைக்கு, அது கக்குவது காரம். அந்தக் காலத்துக் கார்பன் கட்டை கக்குவது அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவ வேண்டும். உள்ளே எந்தக் கட்டை செத்துக் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள், அப்புறம் சமையலறைக்குப் போங்கள். கடைசியில் ஒரு தகட்டை மட்டும் உப்புத்தாளில் தேய்த்துக் காப்பாற்றினேன். இன்னொன்றுக்குப் புதுப் பித்தளை வெட்டி ஈயம் வைத்தேன்.

உள்ளே இருந்த மாபுச்சி கம்பெனி மோட்டார் சாகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. பழைய எண்ணெய் மெழுகாகி அச்சைப் பிடித்திருந்தது. இரு முனையிலும் ஒரு சொட்டு லைட்டர் பெட்ரோல் விட்டு விரலால் சுற்றிச் சுற்றி இளக்கினேன். பெட்ரோல் முழுக்கக் காய்ந்து வாடை போகும் வரை கரண்ட் கொடுக்காதீர்கள், உள்ளே தீப்பொறி பறக்கும். மறுநாள் ஒற்றைக் கட்டையில் தொட்டேன். ஒரு முக்கல், ஒரு முனகல், அப்புறம் சுற்றியது. வீட்டில் யாருக்கும் நான் ஏன் கத்தினேன் என்று புரியவில்லை.

ஆனால் சக்கரம் நகரவில்லை. டக்... டக்... என்று சத்தம் மட்டும். மோட்டார் அச்சில் இறுக்கி ஏற்றிய நைலான் பினியன் (சின்னப் பல்சக்கரம்) விண்டிருந்தது. அச்சு உள்ளே சுற்றுகிறது, பல் நிற்கிறது. பசை வைத்து ஒட்டிப் பார்க்காதீர்கள், இரண்டு நிமிடம்தான் தாங்கும். எட்டுப் பல் பினியன் இப்போதும் கிடைக்கிறது. பல் எண்ணிக்கை மட்டும் ஒத்தால் போதாது, பல்லின் பருமனும் ஒக்க வேண்டும். நான் முதலில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கினேன். காபி அரைக்கிற சத்தம்.

கோணலாக ஒட்டியிருந்த மேல் உடலைப் பிரிக்க ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தேன். பழைய பசை குளிரில் மொறுமொறுப்பாகி, கத்தி நுனி பட்டதும் விட்டுக்கொடுக்கும். எனக்கு விட்டது. எல்லோருக்கும் விடும் என்று சொல்ல மாட்டேன். மீனுக்குப் பக்கத்தில் டாங்கியைப் பார்த்த மனைவியின் முகத்துக்கும் பொறுப்பில்லை.

இப்போது என் கேள்வி. அடித்தட்டில் சுவிட்சுக்கும் திருகுக்கும் ஓட்டைகள் இருக்கின்றன. இங்கே மாடல் செய்கிற நண்பர்கள் எல்லாரும் புட்டி (ஓட்டை அடைக்கும் பசை) வைத்து அடை, மோட்டாரைத் தூக்கு, அலமாரியில் வை என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

மூன்றாம்மாடி (சிங்கப்பூர்):

தம்பி, அடைக்காதே. எழுபதுகளில் எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம்தான் எங்களுக்குப் போர்க்களம். என்னிடம் இருந்தது ஒயர் ரிமோட் வைத்த டாங்கி, பக்கத்துக்கு ஒரு மோட்டார். இரண்டு பொத்தானையும் அமுக்கினால் நேரே போகும், ஒன்றை விட்டால் திரும்பும். அண்ணனின் அகராதி மேல் ஏறி இறங்கும். ஒயர் நீளம்தான் எங்கள் உலகத்தின் எல்லை.

நீ இன்னும் ஒயிலாகச் சுற்றிவரும் சங்கிலிப்பட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. பட்டை பத்திரம். அந்தக் கறுப்பு வினைலில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் மாதிரியான பொருள், வருடக்கணக்கில் கசிந்து சக்கரத்தின் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். நான் முப்பது வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது, ஓடு சக்கரங்களில் பட்டையின் பல் தடம் அப்படியே பதிந்து ஒட்டிப் போயிருந்தது. எண்ணெய் போன பட்டையோ அப்பளம் மாதிரி முறிந்தது. ஓடாத நாளில் கழற்றித் தனியாக வை.

முறிந்ததை ஒட்டவும் வழி உண்டு. புதுப் பட்டையில் இரண்டு முளை இருக்கும், மறுமுனை ஓட்டையில் கோத்து, சூடாக்கிய ஸ்க்ரூடிரைவரால் முளைத் தலையை அமுக்கி உருக்குவோம். அம்மாவின் காஸ் அடுப்பு, எத்தனை திட்டு! முளை போய்விட்டால் ஸ்டேப்ளர் பின். மேல் பக்கம், மட்கார்டுக்கு அடியில் வருகிற மாதிரி நிறுத்தினால் யார் கண்ணுக்கும் படாது.

ஆவடிக்காரன் மகள் (சென்னை):

எனக்கு மாடல் செய்யத் தெரியாது, தம்பி செய்வான். அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஓட்டை, புட்டி, பெட்டிப் படம் எதுவும் காதில் ஏறவில்லை. "பட்டை எவ்வளவு தொங்குது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பட்டையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் எஞ்சின் பலமெல்லாம் பட்டைக்கே போய்விடும், அச்சும் தேயும். தளர்ந்தால் திரும்பும்போது கழன்றுவிடும். நிஜப் பாந்தரில் இழுக்கிற பல்சக்கரம் முன்னால், விஜயந்தாவில் பின்னால். அதனால் கழலுகிற இடமும் குணமும் வேறு. "பொம்மையா இருந்தா என்ன, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்கணும்" என்றார். அப்புறம், "எங்க எல்-60 எஞ்சின் கொடுத்த தலைவலிக்கு இந்த பாட்டரிக் கட்டை தேவலாம்" என்று சிரித்தார். ஓடுகிற வீடியோ வேண்டுமாம்.

கியர்ப்பெட்டி:

ஐயா சொன்னதுதான் சரி. புதுப் பட்டை போட்டு, கட்டைகளை ஏற்றித் தரையில் விட்டேன். நேரே போகாமல் இடது பக்கமாகவே வளைந்தது. மோட்டார், பினியன், அச்சு என்று ஒரு மணி நேரம் நோண்டினேன். பார்த்தால் இடது பட்டை வலதைவிட விறைப்பு. இடது பின்சக்கரத்தை ஒரு முடி அளவு முன்னால் நகர்த்தியதும் நேரானது.

பழுத்துப்போன டெகாலை (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் படத்தாள்) ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் வைத்திருக்கிறேன். நான்கு நாளில் மஞ்சள் பாதி போய்விட்டது. தண்ணீரில் போடுவதற்கு முன்னால் மேலே வார்னிஷ் ஒரு பூச்சு, இல்லாவிட்டால் சுக்குநூறாகிவிடும்.

ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. நேற்று இரவு அது தத்தாமிப் பாயைத் தாண்டி, மகளின் செருப்பு மேல் ஏறி, மேசைக்காலில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமியது. வீடியோ எடுத்தேன், ஆனால் பாதியில் வலது பட்டை கழன்றுவிட்டது. ஐயாவிடம் காட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை எடுக்கிறேன்.