பைதான் ஆவணத்தில் குறுக்கு இணைப்பு: எச்சரிக்கை இல்லை, ஆனால் வேறு பக்கத்துக்குப் போகிறது

கேள்வி

வணக்கம். பைதான் நூலக ஆவணத்தில் எழுத்துக் குறியேற்றங்களைக் கையாளும் கோடெக்ஸ் மாட்யூலின் பக்கத்தை என் கணினியில் திருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெறும் கோட் எழுத்தில் நிற்கும் ஃபங்ஷன் பெயர்களை எல்லாம் ஆவணத்தை உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்ஸின் 'ஃபங்க்' ரோலுக்குள் (ஃபங்ஷன் பெயரை இணைப்பாக்கும் குறியீடு) போட்டு, சொடுக்கினால் உரிய விளக்கத்துக்குச் செல்லும்படி ஆக்குவதே நோக்கம். பில்ட் (ஆவணத்தை வலைப்பக்கங்களாக உருவாக்கும் ஓட்டம்) ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. ஆனால், கோடெக்ஸின் சொந்த 'ஓப்பன்' ஃபங்ஷனை மனத்தில் வைத்து நான் எழுதிய இணைப்பைச் சொடுக்கினால், மொழியோடு வரும் பொதுவான 'ஓப்பன்' ஃபங்ஷனின் பக்கம் திறக்கிறது. அந்த மாட்யூலின் பக்கத்துக்குள்ளேயே இருந்துகொண்டு எழுதும்போது ஸ்ஃபிங்ஸ் ஏன் வெளியே போய்த் தேடுகிறது? மேலும், ஒரே பெயர் ஒரு பத்தியில் நான்கு முறை வந்தால் நான்கையும் இணைக்க வேண்டுமா?

மறுமொழி 1

அது பிழையன்று, தேடும் வரிசையே அப்படித்தான். பெயரை நீங்கள் எழுதியபடியே முதலில் தேடும். கிடைக்காவிட்டால்தான் நடப்பு மாட்யூலின் பெயரை முன்னால் சேர்த்துத் தேடும். அதன்பின் வகுப்பின் பெயரையும் சேர்த்துப் பார்க்கும். 'ஓப்பன்' என்ற பெயர் முதல் படியிலேயே கிடைத்துவிடுவதால் கோடெக்ஸ் வரை தேடல் வருவதே இல்லை. பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் இந்த வரிசை தலைகீழாகும். ஸ்ஃபிங்ஸின் சொந்தக் கையேடே இதை விளக்க உங்கள் கோடெக்ஸ் உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது வேடிக்கை.

புள்ளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நேரடியான பொருத்தம் இல்லாதபோது, எழுதியதைப் பெயரின் கடைசிப் பகுதியாகக் கொண்டு ஆவணம் முழுவதும் தேடும்; ஒன்றுக்கு மேல் அகப்பட்டால் எச்சரிக்கும். ஆகவே புள்ளியை நம்புவதைவிட மாட்யூல் பெயரோடு முழுதாக எழுதிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. முழுப் பெயருக்கு முன் அலைக்குறி (~) சேர்த்தால் திரையில் கடைசிப் பகுதி மட்டும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு 'ஓப்பன்'கள் உலவும் இந்தப் பக்கத்தில் அந்தச் சுருக்கம் வாசிப்பவரைக் குழப்பவே செய்யும்.

அதிலும் பைதான் 3.14-இல் கோடெக்ஸின் ஓப்பன் கைவிடப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டு, பொதுவான ஓப்பனைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். "இதற்குப் பதில் அதைப் பயன்படுத்துக" என்ற வாக்கியத்தில் 'இது', 'அது' என்ற இரண்டு இணைப்புகளும் ஒரே பக்கத்துக்கே போய் நின்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 2

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வேண்டாம். பத்தியில் முதல் முறை வரும் இடத்தில் இணைத்தால் போதும். ஒரு ஃபங்ஷனின் விளக்கத்துக்குள்ளேயே அதற்கு இணைப்பு கொடுப்பது, வீட்டுக்குள் நிற்பவருக்கு அதே வீட்டின் முகவரியைச் சொல்வது போன்றது. மற்ற இடங்களில் ரோலை நீக்க வேண்டியதில்லை. பெயருக்கு முன் ஆச்சரியக்குறி இட்டால் எழுத்துரு அப்படியே இருக்கும், இணைப்பு மட்டும் உருவாகாது. பெயர் வந்ததா என்று பார்த்து இணைப்பதைவிட, அந்த வரியைப் படிப்பவருக்கு அடுத்து எங்கே போகத் தோன்றும் என்று பார்த்து இணைப்பதே முறை.

மறுமொழி 3

எச்சரிக்கை வராததைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். ஆவணத்தின் வேறொரு பகுதிக்கு இணைக்கும் 'ரெஃப்' ரோலில் இலக்கு இல்லையென்றால் ஸ்ஃபிங்ஸ் உடனே சொல்லிவிடும். ஆனால் ஃபங்க், மெத், கிளாஸ் போன்ற பைதான் ரோல்களில் பெயரைத் தவறாகத் தட்டினாலும், இயல்பான பில்டில் சத்தமின்றி இணைப்பில்லாத எழுத்தாக அச்சிட்டுவிடும். அவற்றைப் பிடிக்க 'என்' (-n) என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து விருப்பத்தைக் கொடுத்து, இலக்கு கிடைக்காத இணைப்புகளை எல்லாம் எச்சரிக்கும் நிட்பிக்கி முறையில் ஓட்ட வேண்டும். பைதான் களஞ்சியத்தில், இந்தச் சோதனையை இன்னும் தாண்டாத பக்கங்கள் 'நிட்இக்னோர்' என்ற கோப்பில் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒரு பக்கத்தை முழுதும் சரிசெய்துவிட்டு அதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்தால், தானியங்கிச் சோதனை அதையும் குறையாகச் சொல்லும்.

எனினும் உங்களுக்கு நேர்ந்ததை நிட்பிக்கியும் பிடிக்காது. இலக்கு இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். நீங்கள் நினைத்த இலக்குதானா என்று அதற்குத் தெரிய வழியில்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முழுப் பெயராக மாற்றியதும் இணைப்பு சரியான இடத்துக்குச் செல்கிறது. நிட்பிக்கியில் ஓட்டியபோது, வகுப்பின் பெயரைச் சேர்க்காமல் 'ரீட்' என்று மட்டும் நான் எழுதியிருந்த மெத்தட் இணைப்புகள் அகப்பட்டன. அவை இத்தனை நாளும் வெறும் எழுத்தாகவே நின்றிருக்கின்றன. மீதமுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்) அனுப்புகிறேன்.