கியூரிங்குக்கு ஒரு தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

எல்லோருக்கும் வணக்கம். கொத்தனார்களுக்கும் சைட் சூப்பர்வைசர்களுக்குமான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. கான்கிரீட் கான்கிரீட்டாகவே இருக்கட்டும், 'கற்காரை' அடைப்புக்குள் ஒருமுறை வரும், அதற்காக இன்னொரு சண்டை வேண்டாம். இடிப்பது கியூரிங்தான், அதாவது போட்ட கான்கிரீட்டைச் சில நாள் ஈரமாகவே வைத்திருப்பது. முதல் வரைவில் 'காயவைத்தல்' என்று வந்திருக்கிறது. அதைப் படித்து ஒருவர் அப்படியே செய்தால் வீடு கெட்டுப்போகும். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை, சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் கெட்டியாகிறது. சீக்கிரம் காயவிட்டால் வினை பாதியில் நிற்கும், மேலே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விழும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங் கேட்கிறது, சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள். வீட்டு வேலைக்கு இப்போது அதிகம் வாங்குவது இந்தச் சாம்பல் கலந்ததுதான். ஒரே ஒரு சொல் போதும், கொத்தனாருக்குப் புரிய வேண்டும்.
— தக்கலையிலிருந்து

நீராற்றல். நீரால் ஆற்றுதல். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த நாளிலிருந்து கரும்பலகையில் இதைத்தான் எழுதினேன், எந்த மாணவனும் குறை சொன்னதில்லை.
— நாகர்கோவிலிலிருந்து

ஐயா மன்னிக்கணும், மாணவன் எங்கே குறை சொல்வான், மதிப்பெண் உங்கள் கையில் அல்லவா. நீராற்றல் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் கோதையாறு பவர் ஹவுஸைத்தான் நினைப்பார்கள். நீர் + ஆற்றல் என்று பிரிப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்புறம் ஆற்றுதல் என்றால் சூடு தணிப்பது, காப்பியை ஆற்றுவது. இங்கே நடப்பதோ வலு ஏறுவது. பொருள் நேர் எதிராகப் போகிறதே.
— குலசேகரத்திலிருந்து

மக்களே, பதப்படுத்தல் என்று ஒரு சொல் கண்முன்னால் கிடக்க ஏன் இப்படி அலைகிறீர்கள்? பதம் என்பது இருக்க வேண்டிய நிலையில் ஒன்று இருப்பது. சோறு பதம், மண் பதம், பாகு பதம். இதைச் சமஸ்கிருதப் 'பத'த்தோடு முடிச்சுப்போடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதம் இல்லை, அது அடிவைப்பைக் குறிக்கும் வேறு சொல். நம்முடையது பதி, பதை, பதனம், பதமை என்று ஒரு குடும்பமாக வளர்ந்தது. நாம் அக்கானி என்று குடிக்கிறோமே அந்தப் பதநீரையே பாருங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள். கெடாமல் பதத்தில் நிறுத்துவது சுண்ணாம்பு. கட்டடத்திலும் அதே சுண்ணாம்பு! பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைப் போய்ப் பாருங்கள், குனிந்தால் முகம் தெரியும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு என்று என்னென்னமோ சேர்த்ததாகச் சொல்வார்கள். அந்தத் தரையைத் தேய்த்தவன் அதைப் பதம் என்றுதான் சொல்லியிருப்பான். சுண்ணாம்புச் சாந்தைச் சுதை என்றும் சொல்லியிருக்கலாம், மணிமேகலையில் வெண்சுதை வருகிறது, ஆனால் சுதை வடமொழி 'சுதா' என்பதால் அதை விடுகிறேன். சிமெண்டுக்குப் 'பைஞ்சுதை' என்று வைத்தவர்கள் இதை யோசித்தார்களா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.
— குழித்துறையிலிருந்து

குழித்துறை ஐயாவின் மடலை ரசித்துப் படித்தேன். ஆனால் எங்கள் ஊரில் பதப்படுத்துவது மீனை. 'கான்கிரீட்டை 10 நாள் பதப்படுத்தவும்' என்று போட்டால் உப்பு எவ்வளவு என்று கேட்பான். கடற்கரையில் கம்பி துருப்பிடிக்க முதல் காரணமே உப்புதான், அதை ஞாபகப்படுத்தவே வேண்டாம்.

இன்னொன்று, சுண்ணாம்பையும் சிமெண்டையும் குழப்பக் கூடாது. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மெள்ள இறுகுகிறது. சிமெண்டுக்குத் தண்ணீர்தான் வேண்டும், தண்ணீருக்கு அடியில் வைத்தாலும் இறுகும். அரண்மனைக்காரன் சொல்லை இதற்கு எடுப்பதில் அர்த்தமில்லை.

சைட்டில் என்ன நடக்கிறதென்றால், தளம் போட்ட மறுநாள் காலை கொத்தனார் சாந்தை வைத்துத் தளத்தின்மேல் நாலு விரல் உயரத்துக்கு வரப்பு பிடிப்பார், வயல்போலப் பாத்தி பாத்தியாக. கையாள் தண்ணீர் கோரி ஊற்றுவார். தூணுக்குச் சாக்கைச் சுற்றி அதை நனைப்பார்கள். யாரும் நீராற்றவும் இல்லை, பதப்படுத்தவும் இல்லை. 'நனச்சாச்சா?' என்பார் மேஸ்திரி, 'நனச்சாச்சு' என்பார் கையாள். சொல் அங்கேயே இருக்கிறது: நனைப்பு.
— குளச்சலிலிருந்து

நனைப்பு எளிமைதான், ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுவதும் கியூரிங், மருந்தடித்து மேலே படலம் உண்டாக்குவதும் கியூரிங். அங்கே யாரும் எதையும் நனைப்பதில்லை, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே ஈரங்காப்பு. இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஈரத்தைக் காத்தல். சுருக்கமாகவும் இருக்கிறது.
— குலசேகரத்திலிருந்து

ஈரக்காப்பா, ஈரங்காப்பா? மவ்வீறு, அதாவது சொல்லின் கடைசி 'ம்', கெடவும் செய்யும், இனமாகத் திரியவும் செய்யும் என்று நன்னூல் இரண்டுக்கும் வழிவிட்டிருக்கிறது. அது போகட்டும். தீக்காப்பு என்றால் தீயைக் காப்பதா? தீயிலிருந்து காப்பது. அதே கணக்கில் ஈரங்காப்பு என்றால் ஈரத்தினின்று காத்தல், ஐந்தாம் வேற்றுமை. கட்டடத்தில் அப்படி ஒரு வேலை தனியாகவே இருக்கிறது, அடித்தளத்து ஈரம் சுவரில் ஏறாமல் இடையில் ஓர் அடுக்கு போடுகிறோமே, அது. ஒரு சொல்லை வைத்து ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலையை என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது.
— நாகர்கோவிலிலிருந்து

நல்ல பிடி பிடித்தீர்கள் ஐயா. அப்படியானால் ஈரம்பேணல்? பேணுவது என்றால் எதிலிருந்தும் காப்பதாக யாரும் படிக்க மாட்டார்கள்.
— குலசேகரத்திலிருந்து

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாத்தூரில் 1966ல் 115 அடி உயரத்தில் கால்வாயைத் தூக்கி நிறுத்தினார்கள். அதற்குத் தமிழ் என்ன என்று மடல் போட்டுக்கொண்டிருந்தால் 'நீர்செல் மேம்பாலம்' என்று ஏதாவது வந்திருக்கும். மேலே தொட்டி, கீழே பாலம், தொட்டிப்பாலம், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அளவுகோலில் ஈரம்பேணல் தேறாது, நனைப்பு தேறும். மருந்தடிப்பதை 'மருந்தடிப்பு' என்று தனியாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.
— குளச்சலிலிருந்து

பேணல் எனக்குச் சம்மதம். பதம்பேணல் என்றால் இன்னும் சம்மதம்.
— குழித்துறையிலிருந்து

போதும், அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. கையெண்ணிக்கையில் ஈரம்பேணலுக்குத்தான் ஆள் கூட. முதல்முறை வரும் இடத்தில் அடைப்புக்குள் கியூரிங். 'காயவைத்தல்' முழுக்கப் போய்விட்டது, எனக்கு அதுவே நிம்மதி. முட்டுப் பலகை பிரிக்கும் பக்கத்தில் 'கான்கிரீட் நன்கு காய்ந்தபின்' என்று ஒளிந்திருந்ததையும் நீக்கி, நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று நேராகவே போட்டுவிட்டேன்.
— தக்கலையிலிருந்து

அச்சில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும் அக்கா, வகுப்பில் நான் நனைப்பு என்றுதான் சொல்வேன், பதிவுக்காக எழுதுகிறேன். அப்புறம், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைச் சரியாக விடாமல் ஜல்லி துருத்திக்கொண்டு ஓட்டை ஓட்டையாக நிற்பதற்குத் 'தேன்கூடு' என்று போட்டிருக்கிறீர்கள். சைட்டிலும் அப்படித்தான் சொல்கிறோம், அதை யாரும் தொட வேண்டாம்.
— குளச்சலிலிருந்து

தேன்கூடா? ஓட்டை ஓட்டையாக இருப்பது தேனடை அல்லவா மக்களே?
— குழித்துறையிலிருந்து