வீட்டுக்கு ரைஸ் குக்கர் தேவைதானா? பட்டவர்கள் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் மகள்

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறியபின் சுங்கை சிப்புட்டில் வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக இருக்கிறார். எனக்கு ஈப்போவில் வேலை. வாரக்கடைசியில்தான் போக முடிகிறது. போன மாதம் சோறு வடிக்கும்போது மூடியைப் பிடித்திருந்த துணி நழுவி, கொதிகஞ்சி இடது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. கொப்புளம் ஆறிவிட்டது. தோல் மட்டும் இன்னும் வெளிறிப் பளபளக்கிறது. மறுவாரம் போனபோது பார்க்கிறேன், அதே பானை, அதே துணி. இம்முறை வலது கையை மட்டும் நம்பிச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்.

ரைஸ் குக்கர் வாங்கித் தருகிறேன் என்றால், "அதுதான் ஒன்று இருக்கிறதே" என்கிறார். இருப்பது உண்மைதான். 1978-இல் அவர் கல்யாணத்துக்குப் பெரிய மாமா பினாங்கிலிருந்து வாங்கி வந்த நேஷனல் குக்கர். அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் மின்சாரம் என்றால் ஜெனரேட்டர்தான். மாலை ஆறு மணிக்கு விளக்கு வரும், இரவு பத்துக்குப் போய்விடும். அம்மா சோறாக்குவதோ விடியற்காலை நான்கு மணிக்கு, பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன். ரப்பர் விறகு அடுப்பில்தான் சோறு வெந்தது. குக்கர் கண்ணாடி அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நாளடைவில் எங்கள் பிறப்புப் பத்திரங்கள், சேமநிதிக் காகிதங்கள், நகை அடகுச் சீட்டு எல்லாம் அதற்குள் போயின. கறையான் ஏறாத பாத்திரம் அது ஒன்றுதான்.

பல வருடம் கழித்து நாள் முழுவதும் மின்சாரம் வந்தது. அதற்குள் குக்கரின் வயரை அப்பா இஸ்திரிப் பெட்டிக்குப் போட்டுவிட்டார். ஆக, நாற்பத்தேழு வருடமாக எங்கள் வீட்டில் ரைஸ் குக்கர் இருக்கிறது. ஒரு பிடி சோறு அதில் வெந்ததில்லை.

"மெஷின் சோறு வயிற்றில் கல்லாக உட்காரும்" என்பது அம்மாவின் தீர்ப்பு. வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கோலகங்சார் அக்கா

தங்கச்சி, அம்மா சொல்வதில் பாதி உண்மை. கல்லாக உட்காருவது குக்கரால் அல்ல, தண்ணீர் அளவால். நாங்கள் இருபது வருடம் பொன்னிப் புழுங்கல் சாப்பிட்ட குடும்பம். முதல் நாள் குக்கரோடு வந்த குவளையால் அரிசி அளந்து, பானைக்குள் போட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றினேன். வந்தது சோறு இல்லை, பயறு. அந்தக் கோடு பச்சரிசிக்குப் போட்ட கோடு என்று அப்போது தெரியாது. சியாம் வாசனை அரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீர் போதும். புழுங்கலுக்கு ஒன்றுக்கு இரண்டரை, பழைய அரிசியானால் மூன்றுகூட ஊற்றலாம். முக்கால் மணி நேரம் ஊற வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. அந்தக் குவளை 180 மில்லி, ஜப்பான்காரர்களின் பழைய அளவு. நம் வீடுகளில் அரிசி அளக்கிற பால் டின் அதைவிடப் பெரியது. அரிசியை டின்னால் அளந்து தண்ணீரைக் குவளையால் ஊற்றினால் என் முதல் நாள் கதைதான்.

அளவு கைவந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். 2023 செப்டம்பரில் உள்ளூர் வெள்ளை அரிசி கடைகளில் கிடைக்காமல் போனது நினைவிருக்கிறதா? 26 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பத்துக் கிலோ மூட்டையைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினோம். இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியதும் அந்த மாதம்தான். கிடைத்த அரிசியை வாங்கினேன். மூட்டைக்கு மூட்டை அரிசி மாறியது, மாதம் முழுவதும் ஒரு நாள் குழைவு, ஒரு நாள் நறுக்கு. வடித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெந்ததா என்று நசுக்கிப் பார்த்துக் கஞ்சியை இறுத்துவிடலாம். இதை அம்மா பக்கம் ஒரு மதிப்பெண்ணாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பீடோங் பெரியவர்

பழைய சோறு தின்னாதவர்கள்தான் குக்கரைப் புகழ்வார்கள். வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பருக்கை பருக்கையாக நிற்கும். குக்கர் சோறு களியாகிவிடும். கஞ்சி இல்லாத வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச்சட்டை விறைப்பாக நின்றதுண்டா? நான் வாங்கவில்லை. வாங்கப் போவதும் இல்லை.

கோலகங்சார் அக்கா

ஐயா, சோறு வடிப்பது நீங்களா, வீட்டில் அம்மாவா?

பீடோங் பெரியவர்

அவர்தான்.

தாப்பா ரோட் பழுதுபார்ப்பவர்

முப்பது வருடமாக மின்சாமான் பழுதுபார்க்கிறேன். மிக்சிக்கு அடுத்தபடி என் மேசைக்கு அதிகம் வருவது ரைஸ் குக்கர்தான். சென்ற வாரம் ஓர் அம்மா கொண்டுவந்தார். சோறு பாதி வெந்ததும் சுவிட்ச் விழுந்துவிடுகிறதாம். தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். உள்பானையை எடுத்துப் பார்த்தேன். அடியில் இருக்கும் சூட்டுத் தகட்டில் கருகிய ஒரே ஒரு சோற்றுப் பருக்கை, கடுகுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அவ்வளவுதான். காசு வாங்கவில்லை.

அந்த ஒரு பருக்கை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். தகட்டின் நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கிற வட்டமான குமிழ் ஒன்று இருக்கும். அதற்குள் காந்தம். பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் பானையின் அடிச்சூடு ஏறத் தொடங்கும். 103 டிகிரி வாக்கில் அந்தக் குமிழில் உள்ள உலோகக் கலவை காந்தத்தை விட்டுவிடும், ஸ்பிரிங் தள்ளும், "டக்". பொத்தான் மேலே வந்து சோறு சூடு காக்கும் நிலைக்குப் போய்விடும். குக்கருக்கு மணி பார்க்கத் தெரியாது, சோறு வெந்ததா என்றும் தெரியாது. அடியில் தண்ணீர் வற்றியதா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். பருக்கை இடையில் வந்தால் பானை சரியாகப் படியாது, தகட்டுச் சூடு பானைக்குப் போகாமல் அங்கேயே ஏறும், குமிழ் ஏமாந்து போகும்.

அதனால் பானையின் வெளிப்புறத்தை ஈரம் போகத் துடைத்து, உள்ளே வைத்ததும் இடமும் வலமும் ஒரு திருகு திருகி உட்கார வையுங்கள். அரிசியை அந்தப் பானையிலேயே போட்டுக் களையாதீர்கள், பூச்சு போய்விடும். அடியோடு உயிரே இல்லை என்றால் பெரும்பாலும் சின்ன வெப்ப ஃபியூஸ் போயிருக்கும். சில வெள்ளிச் செலவுதான். புதிது வாங்குகிறவர்கள் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தூக்கி வராதீர்கள்.

தங்கச்சி, உங்கள் வீட்டு நேஷனலை ஒரு தடவை கொண்டு வாருங்கள். அந்தக் காலத்துச் சாமான், வயர் போட்டால் ஓடினாலும் ஓடும். ஒரு செய்தியும் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள். ஜப்பானில் 1955 டிசம்பரில் தோஷிபா முதல் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மினாமி என்ற சிறுபட்டறைக்காரர். ஆனால் மறுபடி மறுபடி சோறாக்கிப் பார்த்துப் பக்குவம் சொன்னது அவர் மனைவி ஃபூமிகோ. சோறாக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் பாடம் கேட்ட மெஷின் அது.

ஜொகூர் பாரு அடுக்குமாடி

நான் சொல்லப்போவதை யாரும் செய்து பார்க்காதீர்கள்.

பதினோராவது மாடி, காஸ் தீர்ந்துவிட்டது, பொங்கல் நாள் காலை. ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்தேன். பால், அரிசி, வெல்லம் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினேன். பத்து நிமிடத்தில் மூடியின் ஆவித் துவாரம் வழியாக நுரை பீச்சியடித்து மேசை, பிளக்கு, சுவர் நாட்காட்டி எல்லாம் பால். கணவர் ஓடிவந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்திக்கொண்டே சுவிட்சை அணைத்தார். துடைத்துவிட்டு மறுபடி போட்டால் உடனே "டக்". அழுத்துகிறேன், "டக்". அடியில் வெல்லமும் பாலும் பிடித்துத் தீய்ந்திருக்கிறது. இப்போது ஐயா சொன்ன பிறகுதான் காரணம் புரிகிறது: மேலே பால் தளதளவென்று இருக்கிறது, கீழே 103 டிகிரி தாண்டிவிட்டது. அரிசி மட்டும் அரிசியாகவே இருந்தது.

"பொங்கிவிட்டதா, கெட்டுவிட்டதா?" என்று மகன் கேட்டான். இரண்டும்தான்.

பாகான் செராய் ஆசிரியை

சிரிக்கிற கதைக்கு நடுவில் சிரிக்காத ஒன்று. குக்கர் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மாமியாருக்கு மின்சாரம் வீணாவது பொறுக்காது. இரவு சாப்பாடு முடிந்ததும் குக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறக்காமல் அப்படியே விட்டுவிடுவார். ஒரு சனிக்கிழமை இரவு அப்படி விட்ட சோற்றை ஞாயிறு காலை நான்தான் முட்டை போட்டு வறுத்து மகளுக்குக் கொடுத்தேன். மணம் கெடவில்லை, நூல்விடவில்லை. இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. ஆறு தடவை. கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே "பழைய சோறு சாப்பிட்டாளா?" என்பதுதான்.

அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் கொதியில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விட்டுவிடும். அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் போகாது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நன்றாக வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். 60 டிகிரிக்கு மேல் இருந்தால் கிருமி வளராது, சூடு காக்கும் நிலையின் வேலையே அதுதான். ஆகவே, ஒன்று சுவிட்ச் போட்டபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் சோற்றை எடுத்து அகலப் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மூடிய குக்கர் அணைந்து கிடப்பதுதான் ஆபத்து. சூடு மெல்லத்தான் இறங்கும், கிருமிக்கு ராத்திரி முழுவதும் தொட்டில்.

கணக்குப்பிள்ளை, பந்திங்

ஆசிரியை அம்மா, உங்கள் மாமியார் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். 700 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 0.35 யூனிட். 2025 ஜூலைக்கு முன் இருந்த கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், ஆக ஒரு பானைச் சோற்றுக்கு ஏழரைச் சென். சூடு காப்பதற்கு 40 வாட் என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பத்தரைச் சென். ஆக்குவதைவிடக் காப்பதற்குத்தான் செலவு அதிகம், அந்த வகையில் பாட்டி சொன்னது சரி. ஆனால் மொத்தமே பத்துச் சென். கிளினிக் பில் எவ்வளவு வந்தது?

பாகான் செராய் ஆசிரியை

அறுபத்தைந்து வெள்ளி. பாட்டியிடம் சொல்லவில்லை.

சுங்கை சிப்புட் மகள்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை சிறியது ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மூன்று குவளைதான் பிடிக்கும். அம்மா தொடவில்லை. ஞாயிறு காலை நானே புழுங்கலை ஊறவைத்து, அக்கா சொன்னபடி இரண்டரைத் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். அம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆவி வரும் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "டக்" என்றதும் எழுந்தார். பத்து நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு இரண்டு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினார். "வெந்திருக்கிறது" என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவரே போட்டிருக்கிறார். எப்படி என்று கேட்கிறீர்களா? பானை நிறையத் தண்ணீர் வைத்து, பாதி வெந்ததும் உள்பானையைத் துணியால் தூக்கி, தொட்டியில் சாய்த்துக் கஞ்சி வடித்திருக்கிறார். எதற்குப் பயந்து வாங்கிக் கொடுத்தேனோ அதையே குக்கரிலும் செய்கிறார்! தொலைபேசியில் சண்டை போட்டேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம். அன்றாடம் தண்ணீர் அளந்து குக்கர் சோறு. கஞ்சி வேண்டிய நாளில் பானையைத் தூக்கக் கூடாது. துளையுள்ள அரிகரண்டியால் சோற்றை அள்ளி வடிகூடையில் போட வேண்டும், கஞ்சி பானையிலேயே நிற்கட்டும், ஆறியபின் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அத்தை சாட்சி.

சோறாக்கும் நேரம் மட்டும் மாறவில்லை. காலை நான்கு மணி. பெரட்டு இல்லை, போக வேண்டிய காடும் இல்லை. இருந்தாலும் நான்கு மணிக்கு மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரிசி களைகிறாராம்.

தாப்பா ரோட் ஐயா, பழைய நேஷனலைக் கொண்டுவர முடியவில்லை, மன்னியுங்கள். அம்மா தரமாட்டேன் என்கிறார். அதில் சோறாக்கினால் பத்திரங்களை எங்கே வைப்பதாம்?