ஐந்தாவது வயர்லெஸ் மைக் ஆன் ஆனதும் கரகரப்பு

பொது இடத்தில் ஒலி நிறுவல். எட்டு மைக், ஒரே மிக்சர். எல்லாம் யுஎச்எஃப் (டிவி ஒளிபரப்பும் பயன்படுத்தும் ரேடியோ அலை) அனலாக், 10 மில்லிவாட், 24 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டை. நான்கு வரை சுத்தம். ஐந்தாவதை ஆன் செய்தால் கரகரப்பு, குரல் விட்டுவிட்டு வருகிறது. ரிசீவரில் சிக்னல் என்னவோ முழுசாகத்தான் காட்டுகிறது!

பேட்டரி புதுசு. ஆன்டெனாவை ரேக்கிலிருந்து எடுத்து உயரத்தில் வைத்தாயிற்று. பக்கத்து எல்இடி திரையை அணைத்தும் பார்த்தேன். ஸ்கேனில் டிவி குறுக்கீடு இல்லை.

இன்டர்மாடுலேஷன் (அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்து புதுப் போலி அலைவரிசை உண்டாவது) என்றே சந்தேகம்: 520, 521 மெகாஹெர்ட்ஸ் சேர்ந்து ஓடினால் 519, 522-லும் போலி சிக்னல் முளைக்குமே. அலைவரிசைகளின் சம இடைவெளியைக் கலைத்து வைத்தேன், குறைந்தது, போகவில்லை. மைக்குகள் ஒரு மீட்டர் இடைவெளியில் நிலையாகப் பொருத்தியவை, நகர்த்த முடியாது. வெள்ளிக்கிழமை திறப்பு.

இந்தப் பட்டைக்குள்ளேயே எட்டையும் ஓட்ட வழி உண்டா, பாதியை வேறு பட்டைக்கு மாற்றியே ஆகணுமா?